வரிக்கணக்கில் வாழ்ந்த வம்சம்

"உன் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் என்ன?" என்று சரித்திர வகுப்பில் நாம் மாணவர்களைக் கேட்பதுண்டு. தந்தையின் பெயர் உரத்த குரலில் வரும். பாட்டனார் பெயர் சற்றுத் தயக்கத்துடன் வரும். அதற்கு மேல் கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனம்! வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு வருமாறு சொல்லி அனுப்புவோம். மறு நாள் வரும் விடைகளில் பாதி, பெரியவர்களுக்கும் தெரியவில்லை என்பதாகவே இருக்கும்.

தெரியாமற் போவது மறதியின் குற்றம். ஆனால் முன்னோர்களின் பெயர் எங்கும் எழுதப்படாமலே போனதற்கு அவர்களுடைய மத நம்பிக்கையே காரணமாயிருந்தால்? அப்படிப்பட்ட ஒரு சமூகத்தாரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். மென்னோனைட்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கானடாவிலும் இன்று வாழும் மென்னோனைட் குடும்பத்தார் பலர், தங்கள் மூதாதையரைத் தேடிக்கொண்டு ஜெர்மனியின் மேற்கு எல்லைப்புறத்திலுள்ள சிற்றூர்களுக்கு வருகிறார்கள். அவர்கள் தேடி வரும் ஊர்களில் ஒன்று வையர்ஹோப்.

ஏட்டில் ஏறாத குழந்தைகள்

ஐரோப்பாவில் பழைய காலத்துக் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் முதலில் நாடுவது மாதாகோயில் ஏட்டைத்தான். குழந்தை பிறந்த சில தினங்களுக்குள் அதற்கு ஞானஸ்நானம் செய்விப்பார்கள். குருவானவர் குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், தேதி யாவற்றையும் ஏட்டில் பதிவார். அந்த ஏடு ஒன்றிருந்தால் நூறு, இருநூறு வருஷங்களைப் படிப்படியாகக் கடந்து போய்விடலாம்.

மென்னோனைட்டுகளுக்கோ அந்த ஏடே இல்லை. காரணம் என்ன?

1525-ஆம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி, ஸ்விட்சர்லாந்திலுள்ள ஜூரிச் நகரில் ஒரு வீட்டில் சிலர் இரகசியமாகக் கூடினார்கள். "அறியாக் குழந்தையின் தலையில் நீர் வார்ப்பதனால் அது கிறிஸ்தவனாகிவிடுமா? வயது வந்து, புத்தி தெளிந்து, மனமாரச் சம்மதிக்கிறவனுக்கன்றோ ஞானஸ்நானம்?" என்பது அவர்களுடைய வாதம். அன்றிரவு ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் செய்துகொண்டார்கள். குழந்தைப் பருவத்தில் ஒரு முறை பெற்றவர்கள் மறுபடியும் பெற்றபடியால், மறு ஞானஸ்நானக்காரர் என்று ஊரார் இவர்களை ஏசினார்கள். போர் செய்யலாகாது, வாளெடுக்கலாகாது, நீதிமன்றத்திலும் சத்தியப் பிரமாணம் செய்யலாகாது என்ற கொள்கைகளும் இவர்களிடையே விரைவில் வேரூன்றின.

ஞானஸ்நானத்தை மறுப்பது அந்நாளில் வெறும் மத விவகாரமன்று. ஞானஸ்நான ஏடே அரசாங்கத்தின் குடிக்கணக்கு. அதில் பெயர் இல்லாதவன் குடியல்லாதவன். ஆகவே அரசாங்கங்கள் சீறி எழுந்தன. பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527-ஆம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி ஜூரிச்சின் லிம்மாத் நதியில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரை இரண்டாம் முறை நாடியவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை! 1529-ஆம் வருஷம் ஸ்பேயர் நகரில் கூடிய பேரரசின் சபை, இவர்களுக்கு மரண தண்டனை என்று சட்டமே இயற்றிவிட்டது.

நெதர்லாந்துப் பிரதேசத்தில் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்க குரு 1536-ஆம் வருஷம் தம் பதவியைத் துறந்து இவர்களோடு சேர்ந்தார். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்து வழிநடத்தினார். அவருடைய பெயராலேயே மென்னோனைட்டுகள் என்ற பெயர் ஏற்பட்டது.

குளத்துப் பண்ணை

ஸ்விட்சர்லாந்திலிருந்து வடக்கே, ரைன் நதிக்கு மேற்கே, பலாட்டினேட் என்ற நாடு இருந்தது. அதன் நடுவே 687 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது டானர்ஸ்பெர்க் மலை. அப்பெயருக்கு 'இடிமலை' என்று பொருள். அம்மலைக்கு அருகே வயல்களுக்கிடையில் இருக்கிறது வையர்ஹோப் கிராமம். வையர் என்றால் குளம். ஹோப் என்றால் பண்ணை. குளத்துப் பண்ணை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

1618 முதல் 1648 வரை முப்பது வருஷம் நடந்த போரில் பலாட்டினேட் நாடு பாழாயிற்று. ஊர்கள் எரிந்தன; வயல்களில் முள் மண்டிற்று; உழுவதற்கு ஆளில்லை. போர் முடிந்து திரும்பிய மன்னர் கார்ல் லூட்விக், உழைக்கும் கை எந்த மதத்தினுடையதாயிருந்தாலும் வரட்டும் என்று தீர்மானித்தார். 1664-ஆம் வருஷம் மென்னோனைட்டுகளுக்கு அவர் ஓர் அனுமதிப் பத்திரம் அளித்தார். அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்: இருபது பேருக்கு மேல் கூடித் தொழக் கூடாது; வேற்று மதத்தார் எவரையும் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது; ஒவ்வொரு குடும்பமும் முதல் வருஷத்தில் மூன்று கில்டரும் பிறகு வருஷந்தோறும் ஆறு கில்டரும் தனி வரியாகச் செலுத்த வேண்டும்.

அன்பினால் அளித்த இடமன்று அது. ஆதாயத்தை எண்ணி அளித்த இடம். ஆயினும் உயிருக்கு ஓடி வந்தவர்களுக்கு அதுவே பெரிதாயிருந்தது. 1682-ஆம் வருஷம் பீட்டர் கிராயன்பியூல் என்பவர் வையர்ஹோப் பண்ணையைப் பரம்பரைக் குத்தகையாகப் பெற்றார். இன்று அமெரிக்காவில் 'கிரேபீல்' என்ற குடும்பப் பெயர் தாங்கியவர்கள் இந்தக் கிராமத்தைத் தேடி வருவதற்கு அந்தக் குத்தகையே காரணம்.

குத்தகை பெற்று ஏழு வருஷம் ஆவதற்குள், 1689-இல், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சேனை பலாட்டினேட்டின் நகரங்களுக்குத் தீ வைத்தது. பிரான்ஸுக்கும் ஜெர்மன் அரசுகளுக்கும் இடையே அகப்பட்ட நாட்டின் தலைவிதி அது. 1798-க்குள் ரைன் நதியின் மேற்குக் கரை முழுவதும் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்துவிட்டது. இடிமலையின் பெயரைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து, 'மோன் தொனேர்' என்று ஒரு ஜில்லாவையே அமைத்தார்கள். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பிறகு, 1816-இல் அதே பிரதேசம் பவேரிய மன்னர் கைக்குப் போயிற்று. கிராமம் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடுதான் அதன் தலைக்கு மேல் அங்குமிங்கும் நகர்ந்தது.

பின்னோக்கி ஒரு பிரயாணம்

எல்லை நகர்ந்ததனால் ஒரு நன்மையும் உண்டு. ஒவ்வோர் அரசாங்கமும் தன் கணக்கைத் தனியே எழுதி வைத்துவிட்டுப் போயிற்று. மூதாதையரைத் தேடும் ஒருவர் அந்தக் கணக்குகளின் வழியே எப்படிப் பின்னோக்கிப் போகிறார் என்பதைப் பார்ப்போம்.

முதற் படி, பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற பதிவேடு. 1798 முதல் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் குருமாரிடமிருந்து பிடுங்கி ஊர் அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். ஞானஸ்நானம் பெற்றாலும் பெறாவிட்டாலும் பிறந்த குழந்தை ஏட்டில் ஏறிற்று. மென்னோனைட் குழந்தையும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக எழுதப்பட்டது. ஆனால் ஏடு இருப்பது பிரெஞ்சு மொழியில்! தேதியோ, 1805-ஆம் வருஷக் கடைசி வரையில் பிரெஞ்சுக் குடியரசின் புதுப் பஞ்சாங்கப்படி! 'ஏழாம் ஆண்டு, மூடுபனி மாதம்' என்றிருப்பதை வழக்கமான தேதியாக மாற்றிக்கொண்ட பிறகே மேலே போக வேண்டும்.

அதற்கு முந்தைய காலத்துக்குப் போனால் இருள் சூழ்கிறது. மாற்றுச் சபையாரின் கோயில் ஏடுகளில் மென்னோனைட் ஒருவரின் விவாகமோ அடக்கமோ எங்கேயாவது ஓர் ஓரத்தில் காணப்படலாம். வீட்டு வேதப் புத்தகத்தின் வெற்றுத் தாளில் ஒரு தகப்பனார் தம் மக்களின் பிறந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கலாம். இவை கிடைப்பது அதிருஷ்டத்தைப் பொறுத்தது.

அதிருஷ்டத்தைப் பொறுத்திராத ஆதாரம் ஒன்றிருக்கிறது. அதுதான் வரிக்கணக்கு! குடும்பத்துக்கு ஆறு கில்டர் என்று விதித்த மன்னர், எத்தனை குடும்பம் என்று எண்ணாமல் இருப்பாரா? 1664 முதல் நூறு வருஷத்துக்கு மேலாகப் பலமுறை பலாட்டினேட்டின் அதிகாரிகள் ஊர் ஊராக மென்னோனைட்டுகளைக் கணக்கெடுத்தார்கள். பின்னால் வந்த மன்னர் ஒருவர் வரியைப் பன்னிரண்டு கில்டராக உயர்த்தினார். இருநூறு குடும்பத்துக்கு மேல் நாட்டில் இருக்கலாகாது என்ற வரம்பும் ஏற்பட்டது. வரம்பு ஏற்பட்டதனால் கணக்கு இன்னும் கண்டிப்பாயிற்று. அந்தப் பட்டியல்கள் இன்று கார்ல்ஸ்ரூஹ நகரத்து அரசாங்க ஆவணக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இதில் ஒரு விந்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும். சொந்தச் சபையார் எழுதி வைக்காததை, அவர்கள் பெருகிவிடுவார்களோ என்று அஞ்சிய அரசாங்கம் எழுதி வைத்தது. அடக்குவதற்காக எழுதிய பெயர்கள், மறதியிலிருந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டன.

மூட்டை முடிச்சுடன் வந்தவர்கள்

வரிக்கணக்கிற்கும் அப்பால் போக வேண்டுமானால் ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகருக்குத் திரும்ப வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் அரசாங்கம் 1671-ஆம் வருஷம் மென்னோனைட்டுகளின் மீது கடுஞ்சினம் கொண்டது. அவர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்களை ஏவிற்று. பிடிபட்டவர்களைக் கோட்டைகளில் அடைத்தது. சிலரை வெனிஸ் நகரத்துப் படகுகளில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக அனுப்பிற்று. நிலமும் வீடும் பறிமுதலாயின. அந்தக் குளிர்காலத்தில் அறுநூறு பேருக்கு மேல் பலாட்டினேட்டை வந்தடைந்தார்கள். முதுகில் மூட்டை, கையில் குழந்தை. அவ்வளவுதான் பலரிடம் எஞ்சியிருந்த உடைமை.

பலாட்டினேட்டில் ஏற்கெனவே குடியேறியிருந்த மென்னோனைட்டுகளும் ஏழைகளே. ஓபர்சூல்சன் என்ற ஊரிலிருந்த யாக்கோப் எவர்லிங் என்ற மூப்பர் ஆம்ஸ்டர்டாமிலிருந்த சகோதர சபையாருக்குக் கடிதம் எழுதினார். ஹாலந்து மென்னோனைட்டுகள் வர்த்தகத்தில் செழித்தவர்கள். அவர்கள் பணம் அனுப்பினார்கள். பணத்தை யார் யாருக்குப் பங்கிட வேண்டுமென்று அறிவதற்காகப் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். குடும்பத் தலைவர் பெயர், வயது, மனைவி, மக்கள் எண்ணிக்கை எல்லாம் அதில் ஏறின.

வையர்ஹோப்பைப் பற்றிய தேடலில் நம் மனத்தை மிகவும் உருக்கும் கட்டம் இதுதான். வரிக்கணக்கில் ஒரு பெயரும் ஒரு தொகையும் மட்டும் இருக்கும். உதவிப் பட்டியலிலோ மனிதர்களே கண்முன் வந்து நிற்கிறார்கள். கணவன் இங்கே, மனைவி தாய்நாட்டில். தாய் இங்கே, பிள்ளைகளில் சிலர் அங்கே. ஒரே குடும்பத்தில் ஒருவர் மனச்சாட்சியின்படி வெளியேற, மற்றொருவர் மண்ணை விட மனமின்றித் தங்கிவிட்டார். சட்டங்களும் கட்டளைகளும் சொல்லாத துயரத்தை, படுக்கை விரிப்பு எத்தனை வேண்டும் என்று எண்ணிய ஒரு பட்டியல் சொல்லிவிடுகிறது.

கடைசிப் படி ஸ்விஸ் மலைநாடு. அங்கே 1528 முதல் பெர்ன் அரசாங்கத்தின் உத்தரவுப்படி கோயில் ஏடுகள் இருந்தன. மென்னோனைட்டாக மாறுவதற்கு முன் ஒருவருக்குக் குழந்தைப் பருவத்தில் நடந்த ஞானஸ்நானம் அதில் இருக்கும். அதற்குப் பின் அவர் பெயர் அந்த ஏட்டிலிருந்து மறைந்துவிடும். ஆகவே தேடுகிறவர் செய்ய வேண்டியது இது: ஓர் ஏட்டில் மறைந்த மனிதரையும், இன்னொரு நாட்டு வரிக்கணக்கில் திடீரென்று தோன்றிய மனிதரையும் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவர்தானா என்று ஆராய வேண்டும்.

காகமேடு

அப்படி ஆராய்வது எளிதன்று. பீட்டர், கிறிஸ்டியன், யாக்கோப், யோஹன்னஸ் என்று சில பெயர்களே தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வருகின்றன. ஒரே சமயத்தில் அண்டை அண்டைப் பண்ணைகளில் ஒரே பெயருடைய இருவர் வாழ்ந்திருப்பார்கள். பெரியப்பன் மகனைத் தந்தையென்று மயங்கி, கிளை மாறிப் போன குடும்ப மரங்கள் அநேகம்.

குடும்பப் பெயரோ ஓயாமல் உருமாறுகிறது. ஸ்விஸ் மூலம் 'கிரேஹன்பியூல்'. 'காகமேடு' என்பது அதன் பொருள். பலாட்டினேட்டு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி 'கிராயன்பியூல்' என்று எழுதினார். நாளடைவில் அது 'கிரேபீல்' ஆயிற்று. கடல் கடந்ததும் ஆங்கில எழுத்தர் கையில் 'கிரேபில்' என்றும் 'கிராபில்' என்றும் ஆயிற்று. இவ்வாறே ஹிர்ஷி என்பவர் ஹெர்ஷி ஆனார். புரூபாக்கர், புரூபேக்கர் ஆனார். ஸவுக், ஸூக் ஆனார். எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுகிறவன் வழி தவறுவான். ஒலியை நம்பித் தேடுகிறவனே ஊர் போய்ச் சேருவான்.

சமத்துவமும் துப்பாக்கியும்

பிரெஞ்சு ஆட்சி மென்னோனைட்டுகளுக்குச் சமத்துவம் தந்தது. தனி வரியை ஒழித்தது. ஆனால் சமத்துவத்தின் மறு பக்கமும் வந்தது. சமமான குடிகளென்றால் சேனைக்கும் சமமாகப் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டுமல்லவா? கட்டாயச் சேவகத்துக்குப் பதிலாள் கொடுக்கப் பணமிருந்தவர்கள் தப்பினார்கள். பவேரிய ஆட்சியிலும் கட்டாயச் சேவகம் தொடர்ந்தது.

வையர்ஹோப்பில் 1832-ஆம் வருஷம் கிறிஸ்டியன் கிரேபீல் என்ற குழந்தை பிறந்தது. வாலிபப் பருவம் வந்ததும் பட்டாளத்துக்குப் போக வேண்டி வருமே என்று அவர் குடும்பம் 1851-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. அவரே பிற்காலத்தில் தம் சமூகத்தின் தலைவர்களில் ஒருவரானார். ருஷ்யாவிலும் கட்டாய ராணுவச் சேவை வரப் போகிறதென்று அறிந்து அங்கிருந்த மென்னோனைட்டுகள் 1870-களில் ஆயிரக்கணக்காக வெளியேறியபோது, அமெரிக்காவில் அவர்களுக்கு உதவி செய்ய ஏற்பட்ட குழுவுக்கு அவர் முன்னின்றார். தம் பாட்டன்மாருக்கு ஆம்ஸ்டர்டாம் சபையார் செய்ததை அவர் ருஷ்யச் சகோதரருக்குச் செய்தார். கடன் கொடுத்தவர் ஒருவர். திருப்பிப் பெற்றவர் வேறொருவர். நற்செயலின் வம்சாவளி இப்படித்தான் போகும் போலும்!

வம்சாவளி விஷமான காலம்

மூதாதையர் தேடல் எப்பொழுதும் இவ்வளவு இனிய காரியமாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், ஜெர்மனியில் சர்க்கார் உத்தியோகத்துக்கு மூதாதையர் சான்று அவசியமாயிற்று. பாட்டன் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைக் காட்டி, உடம்பில் யூத ரத்தம் இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டும். குடும்ப மரம் வரைவது தேசமெங்கும் பரவிய பழக்கமாயிற்று. மென்னோனைட்டுகளிலும் பலர் அந்த வெள்ளத்தில் இறங்கினார்கள். தங்கள் வம்சத்தின் தூய்மையைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார்கள். வாளெடுப்பதில்லை என்ற பழைய விரதத்தை ஜெர்மனியிலிருந்த மென்னோனைட்டுகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள்.

எவ்வளவு பெரிய முரண்பாடு! பிறப்பினால் ஒருவன் கிறிஸ்தவனாவதில்லை என்று சொல்லி நதியில் மூழ்கி மடிந்தவர்களின் சந்ததியார், பிறப்பினாலேயே மனிதனை எடை போடும் அரசாங்கத்துக்குப் பிறப்புச் சான்று எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தாரை அடக்குவதற்காக எழுதிய பட்டியல் அவர்களுடைய நினைவைக் காப்பாற்றியதென்று மேலே சொன்னோம். நினைவைக் காப்பாற்ற வேண்டிய பட்டியல் மற்றொரு கூட்டத்தாரை அழிப்பதற்குக் கருவியாகவும் கூடும் என்பதை இங்கே காண்கிறோம். ஏட்டின்மேல் குற்றமில்லை, அதை எதற்காகப் புரட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நதிக்கரைக் கல்

இன்று வையர்ஹோப்பில் மென்னோனைட் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிருக்கிறது. குடும்பச் சரித்திரம் தேடி வருகிறவர்கள் அங்கே பழைய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பார்வையிடுகிறார்கள். சிலர் அங்கிருந்து ஜூரிச் வரையிலும் போகிறார்கள். பெலிக்ஸ் மான்ஸை மூழ்கடித்த லிம்மாத் நதிக்கரையில் 2004-ஆம் வருஷம் ஒரு நினைவுக் கல் வைக்கப்பட்டது. 1614-இல் தலை வெட்டுண்ட ஹான்ஸ் லாண்டிஸின் பெயரும் அதில் உண்டு. முன்பு தண்டித்த சபையின் வாரிசுகள் அந்த வருஷத்தில் தங்கள் முன்னோர் செய்த பிழையை ஒப்புக்கொண்டார்கள். 2010-இல் உலக லூத்தரன் சபைகளின் கூட்டமைப்பும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2025-ஆம் வருஷம், ஐந்நூறாவது ஆண்டு நிறைவின்போது, உலகின் பல பாகங்களிலிருந்தும் மென்னோனைட்டுகள் ஜூரிச்சில் வந்து கூடினார்கள். அவர்களில் ஆப்பிரிக்கரும் ஆசியரும் இருந்தார்கள். ஸ்விஸ் மலைநாட்டு இரத்தம் ஒரு துளியும் இல்லாதவர்கள்! ஆயினும் லிம்மாத் நதியில் மூழ்கியவரைத் தங்கள் முன்னோர் என்று அவர்களும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதே நம் எண்ணம்.

கார்ல்ஸ்ரூஹ களஞ்சியத்தில் ஒரு கிரேபீல் குடும்பத்தார் தங்கள் மூதாதையின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழுப்பேறிய தாளில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பெயர், ஓர் ஊர், ஆறு கில்டர். ஆஸ்தி இல்லை, பட்டம் இல்லை. ஆனால் அந்த ஆறு கில்டர் எதற்காகக் கட்டப்பட்டது? வேறு விதமாகத் தொழுதிருந்தால் கட்டியிருக்க வேண்டியதில்லையே! வருஷந்தோறும் அதைக் கொண்டு போய்க் கட்டும்பொழுதெல்லாம் அந்த மனிதர் தம் மனச்சாட்சியை மறுபடியும் ஒரு முறை தேர்ந்துகொண்டார். இரத்தத்தின் வழியாக வருவது குடும்பப் பெயர் மட்டும்தான். அந்தத் தேர்வு அப்படி வராது. அதை ஒவ்வொரு தலைமுறையும் தானே செய்தாக வேண்டும்.

இனி வகுப்பில் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயரைக் கேட்கும்போது, நாம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் போகிறோம்: "அவர் எதற்காக எதை விட்டுக் கொடுத்தார்?"